பருப்பு வேகாத வீடுகள்

உங்களுக்கெல்லாம் எப்படியோ, என்னால் ஒரு வீட்டில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார முடியாது. எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன், சாத்துவேன், மோட்டார் போட்டாச்சா என்று கேட்பேன், போட்டிருந்தால் ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்பேன். முட்டி தேய்ந்தவளுக்கு எதற்கு இந்த நடை என்று மகள் கத்துவாள். அவள் இப்போது வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். தேடுகிறாள் என்றால், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தேய்க்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் ஐ.டி. வேலைக்காரர்கள்தான், இருந்தாலும் ஊருக்குள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. திருமழிசை, குத்தம்பாக்கம், பட்டாபிராம் என்று மேற்கே மேற்கே தள்ளிப் போகிறார்கள். பட்டாபிராம் என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தண்ணி எப்படி?" என்றேன். "ஆர்.ஓ. மாட்டிக்கலாம்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

இதற்குமேல் அவளிடம் பேச என்ன இருக்கிறது? நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். நாமெல்லாம் காலால் வீடு தேடினவர்கள். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திக்கொண்டு, "டு லெட்" என்று சாக்பீஸில் எழுதித் தொங்கவிட்ட சிலேட்டுப் பலகையைத் தெருத் தெருவாகத் தேடி அலைந்தவர்கள். எங்கள் அம்மா தேடியது அதிலும் ஒரு தினுசு. அவள் கையில் ஒரு வயர் கூடையும் அதற்குள் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் இருக்கும்.

அப்பா மதுரையில் மில் வேலை பார்த்தார். மில்லை மூடிவிட்டார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட்டு, நட்டு செய்கிற ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஆவடியில் அம்மாவின் தங்கை இருந்தாள். சித்தப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை, இரண்டு அறை குவார்ட்டர்ஸ். "வீடு கிடைக்கிற வரைக்கும் இங்க இருந்துக்கங்கக்கா" என்று சித்தி சொன்னாள். சித்திரை வெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டோடு வந்து இறங்கினோம். அப்பா, அம்மா, நான்.

தம்பி வரவில்லை. அவனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. சாயல்குடியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அத்தை அப்பாவுக்குத் தங்கை, கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. "ரெண்டு வாரம். வீட்டைப் புடிச்சதும் போய்த் தூக்கிட்டு வந்துருவோம். பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியும், சோறு போட்டாப் போதும்" என்றார் அப்பா. பஸ் கிளம்பும்போது தம்பி அத்தையின் இடுப்பில் இருந்துகொண்டு பஸ்ஸுக்கு டாட்டா காட்டினான். எங்களுக்கு இல்லை, பஸ்ஸுக்கு. அம்மா ஆவடி வந்து சேருகிறவரை அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

குவார்ட்டர்ஸுக்கு அவனைக் கொண்டுவர முடியாது. வெளியாட்கள் தங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் மூன்று பேரை மறைப்பதே பாடு, அழுகிற பிள்ளையை எங்கே மறைப்பது? அவ்வப்போது யாராவது பார்வையிட வருவார்கள். வருகிறார்கள் என்று காதில் விழுந்ததும் சித்தப்பாவுக்கு வியர்த்துவிடும். எங்கள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நாங்கள் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். எனக்கு வேர்க்கடலை கிடைக்கும். அம்மா எந்தக் குழந்தை ரயிலை விட்டு இறங்கினாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அவன் இப்ப இவ்வளவு உசரம் இருப்பானா?" என்று கையை வைத்துக் காட்டிக் கேட்பாள். நான் இருப்பான் என்பேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை இன்னும் சற்று உயர்த்திக் கேட்பாள்.

ஆக, வீடு கிடைத்தால்தான் தம்பி. அது எனக்கே தெரியும். அப்படியானால் கிடைத்த முதல் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் புகுந்திருக்க வேண்டியவள் அம்மாதானே? அவள்தான் ஒவ்வொரு வீடாக வேண்டாம் என்றாள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தம்பிக்கு வயிற்றால் போய்க் கண் செருகிவிட்டது. பிழைத்ததே பெரிய பாடு. பார்க்க வந்த யாரோ ஒரு அம்மாள், "தண்ணி ஒத்துக்கல போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு பேச்சை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்தது அம்பாசமுத்திரம், தாமிரபரணித் தண்ணீர். நல்ல தண்ணீரா என்று பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு வேகவைப்பாள். குழைந்தால் நல்ல தண்ணீர். கல்லுக் கல்லாக நின்றால் அது பிள்ளை வயிற்றுக்கு ஆகாது. "பருப்பே கரையலைன்னா அவன் குடிக்கிற பாலு எப்படிக் கரையும்?" என்று கேட்பாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது உண்மைதான். குழந்தைக்கு வயிற்றால் போவதற்கும் அந்த உப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை அன்றைக்கு அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் வந்துவிடுவார். ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார், காதில் பீடி செருகியிருக்கும். "சார், கொரட்டூர்ல ஒரு போர்ஷன் கீது. ஏரிக் காத்து சும்மா பிச்சிக்கினு வரும். ஃபேனே வாணாம்."

கொரட்டூர் வீடு எனக்கு இன்றைக்கும் அறை அறையாக ஞாபகம் இருக்கிறது. சிவப்புச் சிமெண்டுத் தரை, கொல்லையில் முருங்கை, முன்னறையில் தாழ்வாக ஒரு ஜன்னல். வீட்டுக்காரம்மா எந்த ஊர், என்ன ஆளுங்க, கவுச்சி சமைப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "எத்தினி பேரு?" என்றாள். அப்பா நாலு பேர் என்றார். அவள் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள். "நாலாவது?"

"ஊர்ல இருக்கான். வந்துருவான்" என்றாள் அம்மா. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் உண்டு. பிறகு அவள் போய் அந்த ஜன்னல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெளியே பார்த்தாள். "இது அவனுக்கு எட்டும்" என்றாள். அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. வாடகையும் அவர் கைக்கு அடங்கியது. அம்மா எழுந்து, கிணற்றில் ஒரு வாளி சேந்தி, பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

புரோக்கர் வாயைப் பிளந்தார். "இன்னாம்மா, ஊடு பாக்க வந்தியா, தண்ணி எட்த்துகினு போவ வந்தியா?"

"வீட்டையா குடிக்க முடியும்?" என்றாள் அம்மா.

மறுநாள் சித்தி வீட்டு ஸ்டவ்வில் பரீட்சை நடக்கும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்தவள் அடுக்களையில் நாம் காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். டப்பா மூடியைத் திறக்கக்கூடாது. கூடப் பிறந்தவள் வீடானாலும் அதுதான் மரியாதை. அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. உப்புக்கூட "ஒரு கல்லு உப்பு எடுத்துத் தா" என்று கேட்டுத்தான் வாங்குவாள். அதனால் பருப்பையும் சித்திதான் ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டுவந்து கொடுப்பாள். அம்மா அந்த ஊர்த் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, பருப்பைப் போட்டு, பக்கத்திலேயே நிற்பாள். கொதிக்கும், நுரைக்கும், பொங்கும். அகப்பையில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பாள்.

கொரட்டூர்த் தண்ணீரில் பருப்பு நசுங்கவில்லை. அப்பா சாயங்காலம் வந்ததும் சட்டியைக் காட்டினாள். அவர் சட்டியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே போய்விட்டார்.

அம்பத்தூரில் லைன் வீடு ஒன்று பார்த்தோம், பட்டறைக்கு நடந்தே போய்விடலாம். பருப்பு வேகவில்லை. பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் புரோக்கர் பின்னாலேயே நடந்து, மல்லிகைத் தோட்டம் தாண்டி ஒரு ஓட்டு வீடு பார்த்தோம். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. நானே குடித்துப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் அதிலும் பருப்பு உருண்டு உருண்டு விளையாடிக்கொண்டே இருந்தது. சித்தி அன்றாடம் வைக்கிற சாம்பாரில் மட்டும் பருப்பு வெண்ணெயாகக் கரையும். "டேங்குத் தண்ணின்னா தண்ணிதான், கொடுத்து வச்சவ" என்று அம்மா பெருமூச்சு விடுவாள்.

பள்ளிக்கூடம் திறந்து, சித்தப்பா முகவரியைக் கொடுத்து என்னை ஆவடியிலேயே சேர்த்தார்கள். ரெண்டு வாரம் என்றது மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த வீட்டில் கை வைக்கிற இடமெல்லாம் வேறு யாருடைய சாமானாகவோ இருக்கும். பாடம் படிக்கக்கூட வாசல்படியில்தான் உட்காருவேன். யாராவது உள்ளே போக வந்தால் எழுந்து வழி விடவேண்டும். அப்படி எழுந்து எழுந்து பழகினதுதான் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

சாயல்குடிப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர் சரக்கு கொண்டுவரும்போது எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். "பய கும்முனு இருக்கான் தாயி. அத்தக்காரி இடுப்ப விட்டு எறங்க மாட்டேங்கான்" என்றார்.

"அங்க தண்ணி எப்படிண்ணே?"

"தண்ணியா? உப்புதேன். எங்கிட்டுப் போனாலும் உப்புதேன்."

உப்புத் தண்ணீர் குடித்துப் பிள்ளை கும்மென்று இருக்கிறான் என்று மனிதர் சொல்கிறார். அம்மா காதில் உப்பு மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு முழுதும் சாப்பிடவில்லை. இனிமேல் பிடிக்கிற வீடு ரொம்ப நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்று இன்னும் இறுகிப்போனாள். எனக்கு இப்போது நினைத்தால் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. கட்டிக்கொண்டு அழவும் தோன்றுகிறது.

ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். வாடகை இல்லாத வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர், அக்காவுக்குக் கிளம்ப மனசில்லை என்று சித்தப்பா நினைத்தார். அதை அவர் சொல்லவில்லை, சாப்பிடும்போது பேசுவதை நிறுத்திக்கொண்டார். அப்பா நேராகவே கேட்டுவிட்டார். "உனக்கு உன் தங்கச்சிய விட்டு வர இஷ்டமில்ல. பருப்ப ஒரு சாக்கா வச்சிருக்க. பெத்த பிள்ள ஞாபகமாச்சும் இருக்கா?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கா?" என்று மட்டும் கேட்டாள். 

ஐப்பசி தொடங்கியபோது புரோக்கருக்கே வெறுத்துவிட்டது. "பட்டாபிராம்ல ஒண்ணு கீது. இதான் லாஸ்ட்டு அண்ணாத்தே. இதுவும் ஆவலன்னா, நீ கூவத்தாண்ட ஊடு பாத்துக்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து சேற்றில் நடந்தோம். இரண்டு போர்ஷன், நடுவில் பொதுக் கிணறு. தண்டவாளத்தில் பச்சைப் பெயிண்டு அடித்த ராணுவ வேகன்கள் வரிசையாக நின்றன. அம்மா பாட்டிலை நிரப்பும்போது பக்கத்துப் போர்ஷன்காரி எட்டிப் பார்த்தாள். வாயில் வெற்றிலை. "இன்னாத்துக்குக்கா பாட்லு?"

அம்மா சொன்னாள். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்த ஆவடி வரிக்கும் தூக்கினு போயி, அங்க வேக வச்சி, அப்பாலிக்கா வருவியா? பேஜாருக்கா. என் ஊட்ல அடுப்பு எரிஞ்சிகினு கீது. பருப்பு நான் தரேன், வா."

அவள் டப்பாவைத் திறந்து கைநிறைய அள்ளிப் போட்டாள். நாங்கள் வாசலில் நின்றோம். அப்பா வேகன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், புரோக்கர் பீடி பற்றவைத்தார். உள்ளேயிருந்து பருப்பு வேகிற மணம் வந்தது. அம்மா அகப்பையோடு வெளியே வந்து அதை அப்பாவிடம் நீட்டினாள். பருப்பு கூழாகக் குழைந்திருந்தது. அவள் கண்ணும் மூக்கும் சிவந்து கிடந்தன. அப்பா அங்கேயே அட்வான்சைக் கொடுத்தார்.

அன்றைக்கு அம்மா ரயிலில் உட்காரவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தொட்டில் எங்கே கட்டுவது, அவன் தூங்கும்போது ரயில் சத்தம் கேட்குமா என்று பேசிக்கொண்டே வந்தாள். சித்திக்குக் காட்ட ஒரு பாட்டில் தண்ணீர் கூடையில் இருந்தது. போனதும் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். "நீயே வந்து பாரு. ஊருணித் தண்ணி மாதிரி. பருப்பு எடுத்துத் தா." சித்தி வழக்கம்போல டம்ளரில் போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள்.

கொதித்தது, நுரைத்தது. அம்மா நசுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி நசுக்கினாள். பருப்பு கல்லாகவே நின்றது.

மதியம் குழைந்த அதே கிணற்றுத் தண்ணீர். அம்மா சட்டியைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு தங்கை முகத்தைப் பார்த்து, "எந்த டப்பாலேர்ந்துடி எடுத்த?" என்றாள்.

சித்தி பரணைக் கைகாட்டினாள். மேலே மூலையில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப்போட்ட பருப்பு. பழசாகிப் போனால் எந்தத் தண்ணீரில் போட்டாலும் துவரம்பருப்பு வேகாது. "வெறுமனே வேகவச்சுக் கொட்டத்தானே போறேன்னு... நல்ல பருப்ப வாரா வாரம் கொட்ட மனசு வரலக்கா" என்றாள் சித்தி.  எனக்கு இன்றைக்கும் சித்தி மேல் கோபம் வரவில்லை. நம்மில் யார்தான் தூரப் போடுகிற பண்டத்துக்கு நல்ல பருப்பை எடுப்போம்? நாங்கள் சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்றுதான் அவளும் காத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஸ்டவ்வை அணைத்தாள். "கொரட்டூர்" என்றாள். "அம்பத்தூர். பூந்தமல்லி." பெயர்களைச் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "ஆனியிலயே கூட்டியாந்திருப்பேனே. ஆனியிலயே எம்பிள்ள எங்கிட்ட வந்திருப்பானே." அப்பா முதலில் விஷயம் புரியாமல் சிரித்தார். புரிந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சித்தி அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா அவள் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

பட்டாபிராம் வீட்டுக்குக் குடி போன அடுத்த வாரமே தம்பியைக் கூட்டிக்கொண்டு அத்தை வந்தாள். கருவாட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. கன்னம் உப்பி, தொந்தி வைத்து, அரைஞாண் சதையில் அழுந்தியிருந்தது. அம்மா வாசலிலேயே மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவன் அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, யாரும்மா இது?" என்றான். அத்தையைக் கேட்டான்.

"நான் சொல்லிக் குடுக்கல மதினி. சத்தியமா. பக்கத்துப் பிள்ளைக கூப்புடுறதப் பாத்துட்டு அவனா..." என்று அத்தை அழுதாள். "நீ எதுக்கு அழற?" என்றாள் அம்மா. அன்றைக்குப் பருப்புச் சாதம் பிசைந்து தட்டை அவன் முன்னால் வைத்தாள். அத்தை ஊட்டினால்தான் வாயைத் திறந்தான். அத்தை சில நாள் இருந்தாள். அம்மா அவனிடம் தண்ணீர் வேண்டுமா, ரயில் பார்க்கலாமா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் அத்தை முகத்தைப் பார்த்தான். அழுவானே என்று, அவன் தூங்கும்போது அத்தை கிளம்பிவிடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். இதுவும் நம் வீடுகளில் வழக்கமாகச் செய்கிற ஏற்பாடுதான். குழந்தை எழுந்து தேடும் என்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒரு மத்தியானம், அத்தை கிளம்பிப் போன பிறகு, அவன் எழுந்து உட்கார்ந்தான். அழவில்லை. முன்னறையில் பார்த்தான், அடுக்களையில் பார்த்தான், கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தான். பிறகு தெருவில் இறங்கிவிட்டான். நான் பிடிக்க ஓடினேன். அம்மா என் கையை இழுத்து நிறுத்தினாள். அவனுடைய செருப்பை எடுத்துக்கொண்டு அவளே பின்னால் போனாள், அவளுக்குப் பின்னால் நான்.

பக்கத்துப் போர்ஷனில் எட்டிப் பார்த்தான். "எங்கம்மா இங்கிட்டு இருக்காகளா?" இல்லை என்றார்கள். எதிர்வீட்டுக்குப் போனான், அடுத்த வீட்டுக்குப் போனான். எல்லா வாசலிலும் அதே கேள்வி. அம்மா நாலு அடி தள்ளி நின்றாள். ஒரு வீட்டில் ஒரு கிழவர், "கொயந்த யாரத் தேடுது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அவங்கம்மாவத் தேடுறான்" என்றாள் அம்மா.

தெருக்கோடி வரை வந்தாகிவிட்டது. அவனுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். திரும்பி, முதல் தடவையாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு, "நீங்களும் தேடுங்க" என்றான்.

அம்மா குனிந்து அவன் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். "சரி, தேடுவோம்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வீட்டுக் கதவை அவளே தட்டினாள்.